கேம்பாய் தந்த குன்பெய் யோகோய்: 'வர்ச்சுவல் பாய்' தோல்விதான் அவரை வெளியே தள்ளியதா?

படுதோல்வி அடைந்த ஒரு கேம் கருவி, 30 வருஷம் கழித்து மறுபடி செய்தியில் அடிபடுகிறது. பெயர் 'வர்ச்சுவல் பாய்'. 1995-ல் நிண்டெண்டோ வெளியிட்டு, ஒரு வருஷம்கூட ஓடாமல் ஓரங்கட்டிய கருவி இது. அதன் கேம்களைத் தன் ஸ்விட்ச் கருவிகளில் திரும்பக் கொண்டுவரப் போவதாக 2025 செப்டம்பரில் அதே நிறுவனம் அறிவித்தது. ஆடுவதற்கு, பழைய கருவியை அச்சு அசலாக உரித்து வைத்த மாதிரி இருக்கும் ஒரு பெட்டியையும் தனியாக விற்பதாகச் சொன்னது. அமெரிக்காவில் அதன் விலை 99.99 டாலர்.

கேமர்கள் சும்மா இருப்பார்களா? தோற்ற பொருளையே தூசு தட்டி விற்கிறார்கள் என்று ஒரு கட்சி. இல்லை, இது அதை உருவாக்கிய மனிதருக்குச் செய்கிற மரியாதை என்று இன்னொரு கட்சி. 449.99 டாலருக்கு வந்த ஸ்விட்ச் 2 விலையும் இதோடு சேர்ந்துகொண்டது. எந்தப் பக்கம் பேசினாலும் நடுவில் ஒரு பெயர் வந்துவிடுகிறது: குன்பெய் யோகோய். கூடவே ஒரு கதையும் வருகிறது. வர்ச்சுவல் பாய் தோற்றதும் நிண்டெண்டோ அவரை அவமானப்படுத்தி வெளியே அனுப்பியது, அந்த வேதனையோடே அவர் செத்துப்போனார் என்பதுதான் அந்தக் கதை.

சினிமா மாதிரி இருக்கிறது. அதனாலேயே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நிண்டெண்டோ ரசிகர்கள் அதிகம் நினைத்து உருகுவது 2015-ல் இறந்த சதோரு இவாட்டாவைத்தான். அவர் கேமரா முன்னால் வந்து நேராகப் பேசியவர், முகம் எல்லோருக்கும் பழக்கம். யோகோய் 1997-லேயே இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் ஜப்பான் கம்பெனி இன்ஜினீயரின் முகம் வெளியே யாருக்கும் தெரியாது. தெரியாத முகம் என்பதால்தானோ என்னவோ, அவரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் ஒட்டிக்கொள்கிறது.

நம்ம ஊருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

உத்திரமேரூர் பக்கம் கிராமத்தில் வளர்ந்த என் வயசுக்காரர்கள் யாரும் கேம்பாயைக் கையில் தொட்டிருக்க மாட்டோம். குடவோலைக் கல்வெட்டுக்குப் பேர்போன ஊர் என்று பாடப் புத்தகத்தில் வரும். ஆனா நிண்டெண்டோ கடை எல்லாம் கிடையாது. எங்களுக்குக் கிடைத்தது திருவிழாக் கடையில் வளையல், பலூனுக்குப் பக்கத்தில் தொங்கும் 'பிரிக் கேம்'. மேலே 9999 கேம் என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது என்னவோ பத்துப் பதினைந்து ஆட்டம்தான், வேகத்தை மாற்றி மாற்றிக் கணக்கு காட்டியிருப்பார்கள். சின்ன பேட்டரி கட்டை ரெண்டு போட்டால் வாரக்கணக்கில் ஓடும்.

அந்தப் பிரிக் கேம் நிண்டெண்டோ தயாரிப்பு இல்லை, சீனாவிலிருந்து வந்த மலிவுச் சரக்கு. ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால் யோகோயின் ரெண்டு கருவிகளின் சாயல் தெரியும். கால்குலேட்டரில் இருக்கிற எல்சிடி திரையை வைத்தே கேம் பண்ணலாம் என்று காட்டியது அவருடைய 'கேம் அண்ட் வாட்ச்'. அதில் ஓடிய முக்கிய ஆட்டம் டெட்ரிஸின் நகல். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984-ல் உருவாக்கிய டெட்ரிஸை உலகம் முழுக்க சட்டைப் பைக்குள் கொண்டுபோனது கேம்பாய்.

டிவியில் சொருகி ஆடும் 'வீடியோ கேம்' ஞாபகம் இருக்கா? மஞ்சள் கேசட் போட்டு ஆடுவோமே, அது நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியின் நகல். ரிமோட்டின் இடது பக்கம் இருக்கும் சிலுவை மாதிரியான பட்டன் யோகோய் கண்டுபிடித்தது. அதில் வரும் வாத்து சுடும் ஆட்டம், 'டக் ஹன்ட்', அவர் தலைமையில் இயங்கிய குழு செய்தது.

சீட்டுக் கம்பெனியில் மெஷின் பார்த்தவர்

யோகோய் 1941 செப்டம்பர் 10-ல் கியோட்டோவில் பிறந்தவர். அங்கேயே தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்தார். 1965-ல் உள்ளூரிலேயே கிடைத்த வேலைக்குப் போனார். அதுதான் நிண்டெண்டோ. அப்போது அது கேம் கம்பெனி இல்லை. 1889-ல் தொடங்கிய, 'ஹனஃபுடா' எனும் பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு செய்யும் கம்பெனி. சீட்டு தயாரிக்கும் இயந்திரங்கள் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் யோகோய் வேலை. இயந்திரம் ஒழுங்காக ஓடினால் அவருக்கு வேலை இல்லை.

அப்படி சும்மா இருந்த நேரத்தில் ஒரு பொம்மை செய்தார். கத்தரி மாதிரி பின்னிப் பின்னி நீளும் கை. பிடியை அழுத்தினால் எட்டிப்போய் பொருளைப் பிடிக்கும். கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமவுச்சி அதைப் பார்த்துவிட்டார். வேலை நேரத்தில் விளையாடியதற்குத் திட்டு விழப்போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். யமவுச்சியோ அதையே விற்பனைப் பொருளாக்கச் சொன்னார். 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் 1966-ல் வந்தது, 10 லட்சத்துக்கு மேல் விற்றது. மெஷின் பார்த்தவர் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

அடுத்து வந்தவற்றில் ஒன்று 'லவ் டெஸ்டர்', 1969. ஒரு பையனும் பொண்ணும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் ஒருவர் கையை ஒருவர் பிடித்தால், எவ்வளவு காதல் என்று முள் காட்டும். உடம்பு வழியாகப் போகும் மின்சாரத்தை அளக்கிற சாதாரண மீட்டர்தான் அது. மின்னியல் படித்த யாருக்கும் தெரிந்த விஷயம். கைபிடிக்க ஒரு சாக்கு வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டு அந்த மீட்டரை வைத்தார் பாருங்க, அங்கேதான் யோகோய் இருக்கிறார். அடுத்த வருஷம் ஒளியை உணரும் சோலார் செல்லை வைத்துப் பொம்மைத் துப்பாக்கி செய்தார்கள். டிவி முன்னால் நின்று நாம் வாத்து சுட்டோமே, அந்த வரிசையின் ஆரம்பம் அது.

ரயிலில் கால்குலேட்டர் தட்டியவர்

1970-களின் கடைசி. ஜப்பானின் புல்லட் ரயிலில் போய்க்கொண்டிருந்த யோகோய், எதிரில் ஒரு அலுவலகக்காரர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பெரியவர்களும் யாருக்கும் தெரியாமல் கைக்குள் வைத்து விளையாடுகிற மாதிரி ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது.

அதற்கப்புறம் நடந்ததாக யோகோயே சொன்ன கதை சுவாரசியமானது. யமவுச்சியின் கார் டிரைவருக்கு ஒருநாள் உடம்பு சரியில்லை. அந்த வெளிநாட்டுக் காரை ஓட்டத் தெரிந்த யோகோயை ஓட்டச் சொன்னார்கள். இன்ஜினீயரை டிரைவர் ஆக்கிவிட்டார்களே என்று அவருக்கு வருத்தம். சும்மா ஓட்டினால் மரியாதை இல்லை, வேலை விஷயமாக ஏதாவது பேசலாம் என்று இந்த யோசனையைச் சொன்னார். யமவுச்சி பெரிதாகக் கேட்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் அன்றைய கூட்டத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஷார்ப் கம்பெனித் தலைவர். கால்குலேட்டர் சந்தையில் அப்போது கடும் போட்டி, விலை அடிமாட்டு விலைக்கு இறங்கியிருந்தது. சில நாட்களில் ஷார்ப் ஆட்கள் நிண்டெண்டோ வாசலில் வந்து நின்றார்கள்.

1980 ஏப்ரலில் முதல் 'கேம் அண்ட் வாட்ச்' வந்தது. ஒரு கருவிக்கு ஒரே ஆட்டம், கூடவே கடிகாரம். 1991 வரை பல மாடல்களில் உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் விற்றன. 1982-ல் மடக்கும் வகையில் ரெண்டு திரையோடு வந்த 'டாங்கி காங்' மாடலில்தான் அந்தச் சிலுவை பட்டன் முதன்முதலில் வந்தது. ஆர்கேடு கடையில் இருக்கும் நெம்புகோலை அப்படியே வைத்தால் பைக்குள் போகாது, உடைந்துவிடும். நாலு பட்டன் தனித்தனியாக வைத்தால் கண்ணால் பார்த்துப் பார்த்து அழுத்தணும். ஒரே துண்டாகச் சிலுவை மாதிரி வைத்தால், பார்க்காமலே கட்டைவிரலுக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இன்று பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எதை எடுத்தாலும் இடது கட்டைவிரலுக்குக் கீழே அதன் வாரிசுதான்.

இந்தக் காலத்தில் அவர் இன்னொரு வேலையும் பார்த்தார். கேம் செய்த அனுபவமே இல்லாத ஒரு இளம் ஓவியரிடம் 'டாங்கி காங்' ஆர்கேடு கேமைக் கொடுத்த யமவுச்சி, மேற்பார்வைக்கு யோகோயை வைத்தார். அந்த இளைஞர் ஷிகெரு மியாமோட்டோ. கேம் 1981-ல் வந்தது. அதில் ஏணி ஏறிக் குதித்த ஆள்தான் பின்னால் மரியோ ஆனார். 1983-ன் 'மரியோ பிரதர்ஸ்' இருவரும் சேர்ந்து வடிவமைத்தது.

வாடிய தொழில்நுட்பம்

யோகோயின் கொள்கைக்கு ஜப்பானிய மொழியில் ஒரு பெயர் உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால், வாடிய தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது. கேட்க ஒருமாதிரி இருக்கும். விஷயம் எளிது. புத்தம் புதிய தொழில்நுட்பம் விலை அதிகம், எப்போது எங்கே மக்கர் பண்ணும் என்றும் தெரியாது. பத்து வருஷம் அடிபட்டு, பழகி, விலை தரைக்கு வந்த தொழில்நுட்பத்தை எடுத்து, அதை யாரும் நினைக்காத இடத்தில் பயன்படுத்து. அவ்வளவுதான்.

கேம்பாய் அதன் உச்சம். 1989 ஏப்ரல் 21-ல் ஜப்பானில் 12,500 யென் விலையில் வந்தது. அமெரிக்காவில் 89.95 டாலர். கலர் கிடையாது, பச்சையும் சாம்பலுமாக நாலே நாலு சாயல். திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. அதே வருஷம் வந்த அட்டாரி லிங்க்ஸில் கலர், விளக்கு எல்லாம் இருந்தது. விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆறு பேட்டரி கட்டை போட்டாலும் நாலைந்து மணி நேரத்தில் காலி. அடுத்த வருஷம் வந்த சேகாவின் கேம் கியர் கதையும் அதேதான். கேம்பாய்க்கு நாலு கட்டை போதும், பத்து மணி நேரத்துக்கு மேல் தாராளமாக ஓடும்.

முடிவு? கேம்பாயும் அதன் கலர் மாடலும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன. லிங்க்ஸ் என்ற பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பேட்டரி விஷயம் எவ்வளவு பெருசு என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். 2011, 2012 வாக்கில் தமிழ்நாட்டில் கிராமப்புற மின்வெட்டு எப்படி இருந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பகலில் பாதி நேரம் கரன்ட் இருக்காது. டிவியில் சொருகும் வீடியோ கேம் அலமாரியில் தூங்கும். திண்ணையில் ஒரு பிரிக் கேமைச் சுற்றி அஞ்சு பசங்க உட்கார்ந்து, செத்தால் அடுத்த ஆளுக்கு என்று முறை வைத்து ஆடுவோம். இன்றைக்கும் கிராமத்துப் பசங்களிடம் ஃப்ரீ ஃபயர் முதலில் பரவியதற்கு அது குறைந்த விலை போனிலும் ஓடியது ஒரு முக்கியக் காரணம். கிராஃபிக்ஸ் பற்றி நடக்கிற சண்டையில் இந்தப் பசங்களை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாகணும். கேம்பாயை யோகோய் ஒருவரே செய்தார் என்பது ரசிகர்கள் ஊதிப் பெருசாக்கியது. அவர் குழுவில் இருந்த சதோரு ஒகாடாதான் அதன் பொறியியலுக்குப் பெரும் பொறுப்பு. யோகோய் மனதில் இருந்தது கேம் அண்ட் வாட்ச் மாதிரி இன்னும் எளிமையான, மலிவான பொம்மை என்றும், கேசட் மாற்றி வருஷக்கணக்கில் ஆடக்கூடிய முழுமையான கருவி வேண்டும் என்று தான்தான் வாதாடியதாகவும் ஒகாடா பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். யோகோய் கடைசியில் அதற்குச் சம்மதித்தார். தன் கொள்கையைத் தன் கீழே வேலை செய்பவர் திருத்த இடம் கொடுத்த தலைவர் என்பது என்னைப் பொறுத்தவரை பெரிய விஷயம்.

சிவப்புத் திரை

இப்போது வர்ச்சுவல் பாய்க்கு வருவோம். அமெரிக்காவின் ரிஃப்ளெக்‌ஷன் டெக்னாலஜி என்ற நிறுவனம் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் திரை ஒன்றை வைத்திருந்தது. சிவப்பு எல்இடி விளக்குகளின் ஒரு வரிசை, அதிரும் கண்ணாடி. ரெண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் போவதால் ஆழம் தெரியும். ஏன் சிவப்பு மட்டும்? அந்தக் காலத்தில் சிவப்பு எல்இடிதான் மலிவு, பேட்டரியையும் குறைவாகக் குடிக்கும். கலருக்கு நீலம் வேணும், நீலத்தின் விலை கட்டுப்படியாகாது. ஆக, இதுவும் அதே வாடிய தொழில்நுட்பக் கணக்குதான். கேம்பாயில் ஜெயித்த அதே கணக்கு.

தலையில் மாட்டுவதாக நினைத்த கருவி, பாதுகாப்பு பயத்தில் மேஜை மேல் நிற்கும் கருவியாக மாறியது. ஆள்தான் குனிந்து முகத்தைப் பெட்டிக்குள் நுழைக்கணும். கழுத்து வலி, கண் வலி, தலைவலி. ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் ஆடக்கூடாது என்ற எச்சரிக்கை வேற. 1995 ஜூலை 21-ல் ஜப்பானிலும், ஆகஸ்டில் அமெரிக்காவிலும் வந்தது. விலை 179.95 டாலர். மொத்தமே 22 கேம்கள். சுமார் 7.7 லட்சம் கருவிகள் விற்றதோடு கதை முடிந்தது.

அந்த நேரம் நிண்டெண்டோ 64 கருவிக்குத்தான் கம்பெனியில் முன்னுரிமை, வர்ச்சுவல் பாயை முழுசாக முடிக்கும் முன்பே சந்தைக்குத் தள்ளிவிட்டார்கள் என்று பரவலாகச் சொல்வார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேற. அந்தப் பெட்டிக்குள் ஒருவர் முகத்தை விட்டால், பக்கத்தில் இருப்பவருக்கு எதுவுமே தெரியாது. ரெண்டு பேர் கையைப் பிடிக்க வைத்து லவ் டெஸ்டர் செய்தவர், திண்ணையில் அஞ்சு பேர் எட்டிப் பார்க்கிற மாதிரி விளையாட்டுகளுக்கு வழி போட்டவர், கடைசியில் யாரும் எட்டிப் பார்க்கவே முடியாத ஒன்றைச் செய்தார்.

அப்போ, துரத்திவிட்டார்களா?

யோகோய் நிண்டெண்டோவை விட்டது 1996 ஆகஸ்ட் 15. வர்ச்சுவல் பாய் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் காரணத்தையும் தாங்களே எழுதிக்கொண்டார்கள். ஜப்பானியப் பத்திரிகைகளிலேயே அப்படி ஊகங்கள் வந்தன. யோகோய் அதை மறுத்து ஒரு மாத இதழில் விளக்கக் கட்டுரையே எழுதினார். ஐம்பது வயதுக்கு மேல் கம்பெனியை விட்டுவிட்டு, சொந்தமாக, தன் இஷ்டத்துக்குச் சின்னச் சின்னதாகச் செய்யணும் என்பது அவருடைய பழைய எண்ணம். வர்ச்சுவல் பாய் தோற்ற உடனே போனால் ஓடிப்போன மாதிரி ஆகிவிடும். இன்னொன்றைச் செய்து கொடுத்துவிட்டுத்தான் போனார். அது 'கேம்பாய் பாக்கெட்'. 1996 ஜூலையில் வந்தது. சின்ன உடம்பு, தெளிவான திரை. நன்றாகவே விற்றது.

கம்பெனிக்குள் அவர் மனது நோகவே இல்லை என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. முப்பது வருஷம் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர், கடைசிப் பெரிய முயற்சி கண்ணெதிரே கவிழ்ந்ததைப் பார்த்தவர். அந்த வருத்தம் வேற, துரத்திவிட்டார்கள் என்பது வேற. ரெண்டையும் குழப்புகிறபோது, தானாக முடிவெடுத்துக் கிளம்பிய ஒரு மனிதரை நாமே பரிதாபத்துக்குரியவர் ஆக்கிவிடுகிறோம்.

வெளியே வந்து கியோட்டோவிலேயே 'கோட்டோ' என்ற சிறிய நிறுவனம் தொடங்கினார். பண்டாய் நிறுவனத்துக்காக ஒரு புதிய கையடக்கக் கருவி வேலை ஆரம்பமானது. 1997 அக்டோபர் 4-ல் இஷிகாவா மாகாணத்தில், ஹோக்குரிக்கு விரைவுச்சாலையில் அவர் வந்த கார் முன்னால் போன வண்டியில் மோதியது. சேதத்தைப் பார்க்க இறங்கியபோது பின்னால் வந்த இன்னொரு வண்டி அடித்தது. வயது 56. சாலை விபத்து, அவ்வளவுதான். வர்ச்சுவல் பாய்க்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 2003-ல் சர்வதேச கேம் உருவாக்குநர்கள் தங்கள் வாழ்நாள் சாதனையாளர் விருதை அவர் பெயருக்குக் கொடுத்தார்கள்.

பண்டாய்க்காகத் தொடங்கிய அந்தக் கருவி 'வொண்டர்ஸ்வான்' என்ற பெயரில் 1999 மார்ச் 4-ல் வெளியானது. கலர் இல்லை. விலை 4,800 யென், கேம்பாய் முதலில் வந்த விலையில் பாதிகூட இல்லை. ஒரே ஒரு சின்ன பேட்டரி கட்டையில் முப்பது மணி நேரம் ஓடும் என்றார்கள். ஜப்பானுக்கு வெளியே பெரிதாகப் போகவில்லை. நிண்டெண்டோவின் கேம்பாய் அட்வான்ஸ் வந்ததும் உள்ளூரிலும் தள்ளாடியது. அதில் அவர் யோசனையில் உருவான புதிர் விளையாட்டு ஒன்று இருந்தது, அவர் நினைவாக அதற்கு 'குன்பெய்' என்றே பெயர் வைத்தார்கள். அதே விளையாட்டு 2006-ல் நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கும் வந்தது. ரெண்டு திரை, நடுவில் மடக்கும் கீல், இடது பக்கம் சிலுவை பட்டன் என 1982-ன் டாங்கி காங் கருவியை ஞாபகப்படுத்தும் கருவி அது.